முக்கால் அத்தான் மலை நடந்த வரலாறு

என் அக்காவின் கணவர் எதையும் பாதியில் விடுகிறவர் என்று சொல்வது அபாண்டம். அவர் முக்காலில் விடுகிறவர். படுக்கையறையில் மூன்று சுவர்களுக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறார். நான்காவது இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. நீச்சல் வகுப்பில் கைவீச்சும் காலுதைப்பும் கற்றார். மூச்சு விடும் பாடம் வருவதற்குள் நின்றுவிட்டார். ஆகவே குடும்பம் ஒன்றுகூடி அவருக்கு முக்கால் அத்தான் என்ற பட்டத்தை வழங்கியது.

தொழிலில் மட்டும் இந்தக் குறை கிடையாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். முக்கால் வேலையில் எழுந்து போக முடியாதபடி உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

அப்படி மாட்டிய ஒருவரால்தான் வினை வந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், பயம் தெரியாமலிருக்கக் கதவிடுக்கு வழியாகத் தன் சாதனையைச் சொன்னார். மலைத்தொடரின் உச்சியிலிருந்து கடல் வரைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறதாம். மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் நடக்க வேண்டுமாம். முடித்த அன்று அழுதாராம். வெளியே வந்ததும் அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பாமல் அடுத்த லிஃப்டைத் தேடிப் போனதை அத்தான் கவனிக்கவில்லை.

அன்று மாலையே வீட்டில் அறிவிப்பு வெளியானது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முக்கால்வாசி போயிட்டு பஸ் ஏறுவீங்க. எதுக்கும் சில்லறை எடுத்து வச்சுக்கங்க."

அத்தான் என்னை மட்டும் மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதையும் விட்டுட்டேன்னா, மாப்ளே, இனிமே எதையும் ஆரம்பிக்கவே மாட்டேன். உங்கக்கா பாக்குற பார்வைக்கு முன்னாடி என்னத்த ஆரம்பிக்கிறது?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். மனிதர் விளையாடவில்லை.

பயிற்சிக்கு வேலை பார்க்கும் கட்டடங்களின் படிகளையே தேர்ந்தெடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கே படியேறிப் போவதைப் பார்த்த குடியிருப்போர் அதன் பிறகு லிஃப்டில் கால் வைக்கவில்லை. கம்பெனிக்குப் புகார் போனது. பாரம் குறைக்கப் பல் துலக்கும் பிரஷின் காம்பை அறுத்தார், சட்டைக் காலர் லேபிள்களைக் கத்தரித்தார். அப்படிக் குருவி சேர்ப்பது போல் மிச்சம்பிடித்த எடை முழுவதையும், அக்கா ரகசியமாகப் பையின் அடியில் செருகிய வலிக்களிம்பு டப்பா ஒன்றே விழுங்கிவிட்டது.

போனார். குதிகால் கொப்பளித்தது, கட்டைவிரல் நகம் கழன்றது. மழை அவருடைய கூடாரத்தை விலாசம் தெரிந்து தேடி வந்தது. ஊறவைத்த ஓட்ஸைத் தின்று தின்று நாக்கு செத்துப்போனது. ஆனாலும் ஒரு விடியலில் மேகமெல்லாம் காலுக்குக் கீழே நகர்வதைப் பார்த்திருக்கிறார். எந்த லிஃப்டும் போகாத மாடி என்று போனில் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் அவர் காலுக்குக் கட்டுப்போட்டார்கள். அங்கே அவருடைய பட்டப்பெயர் யாருக்கும் தெரியாது. முதுகுப் பையே லேசான மாதிரி இருந்ததாம்.

முக்கால் தூரத்தில், விதி தவறாமல், முழங்கால் வீங்கியது. பாதை ஒரு தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் கடை ஒன்று; எதிரே எங்கள் ஊர் பஸ். அங்கிருந்து அத்தான் போன் செய்தார்.

நான் அப்போது அக்காவின் சமையலறையில் இருந்தேன். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடிப்பிடித்த பால் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒழுகும் குழாயை விசாரித்தார், இவள் மழையை விசாரித்தாள். தோல்வியை அறிவிக்க நீண்ட உரை தயாரித்திருந்தாராம். வாயில் வந்தது ஒரே சொல்.

"சரிம்மா, வரேன்."

நம்மில் எவரும் போகும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. பூமியின் மறுகோடிக்குக் கிளம்புகிறவனும் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். அக்காவின் கவனமோ பாத்திரத்தில்.

"சரிங்க, போயிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அத்தான் சாலையோரத்தில் நின்று அந்த வாக்கியத்தை ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார். போ. போய்விட்டு, அப்புறம் வா. கேலியை எதிர்பார்த்திருந்த இடத்தில் கட்டளை! பஸ் ஹாரன் அடித்தது, கிளம்பியும் விட்டது. அத்தான் களிம்பு டப்பாவைத் தேடி எடுத்தார்.

மீதி வழியில் கைக்குழந்தைக்காரர்கள்கூட அவரை முந்திப் போனார்களாம். இருந்தும் கடற்கரைக்கு வரச் சொல்லி ஒருநாள் எங்களுக்கு அழைப்பு வந்தது. மணலில் தாடியும் தடியும் கோணல் நடையுமாக ஓர் உருவம் வந்தது. வாசனை அதற்கு முன்பே வந்து சேர்ந்தது. பஸ்ஸில் வரும்போது அக்கா நல்ல கேலியாக நாலைந்து யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அவர் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் வீட்டுக்கு வரேன்னுதான் சொன்னேன்" என்றார் அத்தான். "நீ போயிட்டு வாங்கன்னுட்ட. அப்புறம் எப்படி பஸ் ஏற முடியும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"பின்ன? யோசிக்காமலா சொன்னேன்?"

சொல்லிவிட்டு அவரை மணலில் உட்காரவைத்து, சேற்றில் இறுகிப்போன ஷூ நாடாவை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். உதவலாம் என்று நானும் குனிந்தேன்.

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா. அவள் சொன்னது ஷூவைப் பற்றி மட்டுமல்ல.