செல்வராணி அக்காவின் நீலக் கிளாஸ்

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. நல்ல சாமானை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்போம். சுவிஸில், டீட்டிகோன் நகரத்தில் என் மேல்வீட்டில் இருந்த இரவீந்திரன் அண்ணையும் அப்படித்தான். அதிலும் அவருக்குத் தேத்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டும். எப்படித்தான் நாக்கு வேகாமல் குடிக்கிறாரோ என்று நினைப்பேன்.

அவருடைய மனைவி செல்வராணி அக்காவுக்கு தூரத்தில், எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் வேலை. குளிர்காலம் ஒரு சீசன், கோடை ஒரு சீசன். இடையில் கிடைக்கும் சில கிழமைகள்தான் வீடு. அண்ணை இங்கே களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கினார். பத்தொன்பது வருடம் இப்படியே போனது.

அந்த ஹோட்டலின் ஜப்பானிய உணவகத்தில் கிரிகோ என்ற வெட்டுக் கண்ணாடிக் கிளாஸ்கள் இருந்தன. மெஷினில் போடக்கூடாது என்பதால் கையால் கழுவும் பொறுப்பு அக்காவுடையது. அந்தக் கிளாஸ்களைச் செய்யும் விதத்தைத் தலைமைச் சமையல்காரர் போனில் வீடியோவாகக் காட்டியிருந்தார். அக்கா அதைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

“உள்ளுக்கு வெறும் கண்ணாடி, வெளியில மெல்லிசா நீலம். சுத்துற சில்லில பிடிச்சு நீலத்தை வெட்டி எடுக்கினம். வெட்டின இடத்தால வெளிச்சம் வரும். கை தவறினா அழிக்க ஏலாது.”

கழுவ வரும் புதியவர்களிடம் அவர் முதலில் சொல்வது, சூடாக எதையும் ஊற்றாதே, வெடித்துவிடும் என்பதுதான்.

ஒருமுறை ஒரு கிளாஸின் அடியில் சின்னத் துண்டு பெயர்ந்திருந்தது. விருந்தாளிக்கு வைக்க முடியாததால் சமையல்காரர் அதை அக்காவிடமே கொடுத்துவிட்டார். அதில் வெட்டியிருந்தது சணல் இலைகளை நெருக்கி அடுக்கியது போன்ற கோலம். அக்கா அதை அண்ணைக்கென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“தேத்தண்ணி ஊத்த ஏலாத கிளாஸ் என்ன கிளாஸ்?” என்று அண்ணை சீண்டினார். ஆனால் நான் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவார், துடைப்பார், திரும்ப அலுமாரியில் வைப்பார்.

“உதில ஒருக்கா குடியுங்கோவன் அண்ணை,” என்றேன் எரிச்சலில்.

“அவ வேலையை விட்டிட்டு ஒரேயடியா வாற அண்டைக்குக் குடிப்பன். பச்சைத் தண்ணி எண்டாலும் குடிப்பன்.”

நாள்காட்டியில் ஒக்டோபர் பதினெட்டைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார்.

ஓகஸ்டில் களஞ்சியத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. அக்கா மலையிலிருந்து ரயிலில் வந்து சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அந்த அலுமாரியை உடைக்க வேண்டும் போல இருந்தது.

எட்டாம் நாள், அண்ணைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம். கத்தரிக்காய்க் குழம்பு, றோல்ஸ், கடலை வடை. கடைசியில் அக்கா அலுமாரியைத் திறந்து நீலக் கிளாஸை எடுத்தார். அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரை அப்படியே ஊற்றினார்.

டிக் என்று ஒரு சத்தம். கிளாஸ் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து, தேத்தண்ணீர் மேசைத்துணி முழுக்க ஓடியது.

“பாவம், துக்கத்தில மறந்துபோனா,” என்றார்கள் வந்திருந்த பெண்கள்.

எல்லோரும் போனபின் துண்டுகளைப் பொறுக்கினேன். பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் சொன்னவர் எப்படி மறப்பார்? எனக்கு மனம் கேட்கவில்லை.

“அக்கா, கொஞ்சம் ஆறவிட்டு ஊத்தியிருக்கலாமே?”

“தெரியும்,” என்றார் அக்கா. “ஆறின தேத்தண்ணியை அந்த மனுசன் ஒருநாளும் குடிச்சதில்லை.”