காலையில் வேலைக்குப் போகாதவன்

ஈப்போவுக்குப் பக்கத்தில், குனோங் ராபாட்டில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி இணையத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஈப்போ டவுனில் இரண்டு கடைவீடுகள் வாங்கியது அந்த வருமானத்தில்தான். ஆனால் எதிர்வீட்டு அக்காவுக்கு, காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பாத ஆம்பளை வேலையில்லாதவன். பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாக மூன்று முறை வந்து சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலாக வரும். விளக்கினால், "வீட்டுல குந்திக்கிட்டு இருந்தா யாரு தம்பி சம்பளம் கொடுப்பா?" என்பார்.

போன மாதம் பெரிய கார் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தினேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"டிரைவர் வேலை கிடைச்சிருச்சா தம்பி? நல்லது லா. மொதலாளி எப்படி?"

இந்த முறை நான் விளக்கவில்லை.

"நல்ல மனுசன்தான்க்கா. லீவு மட்டும் தர மாட்டாரு."