இல்லாத பள்ளத்துக்குப் பொன்னாடை

எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை நட்சத்திரம் ஆராய்கிறது என்றால் அது ஊருக்கே செய்தி. நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கெம்பஸில் என் ஆய்வு ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பற்றியது. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கிக்கொண்டே, சுழன்று சுழன்று எக்ஸ் கதிர் வீசும் பல்சர். செயற்கைக்கோள் பிடித்த கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து வரைந்தபோது, கோட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது. அந்தப் பல்சரில் அதுவரை யாரும் பார்க்காத பள்ளம். அது உண்மையானால் பல்சரின் காந்தப் புலத்தையே அளந்துவிடலாம். ஆய்வை மேற்பார்க்கும் சேரிடம் காட்டிய கையோடு அம்மாவுக்கும் கோல் எடுத்துப் பீற்றிக்கொண்டேன். அம்மா தான் கொழுந்து பறிக்கும் மலை முழுக்கச் சொல்லிவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள்.

விழாவுக்கு வரும்போது ரயிலில் லெப்டொப்பைத் திறந்தேன். கருவியும் வானமும் சேர்க்கும் பின்னணியைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் கதிர் மட்டும் மிஞ்சும். அந்தப் பின்னணியை அதே நாள் பதிவில், பக்கத்து வெற்று வானத்திலிருந்து எடுக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு வேறொரு நாளின் பின்னணியைக் கழித்திருந்தேன். சரியானதைக் கழித்ததும் பள்ளத்தைக் காணோம்.

ஆனாலும் மேடையேறினேன். மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, இல்லாத பள்ளத்தைப் பற்றி விலாவாரியாகப் பேசினேன். முன்வரிசையில் அம்மா கைதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் தாங்க முடியாமல், வேறொரு நாளின் கணக்கைக் கழித்துவிட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

“கழிவு தப்பாப் போட்டுட்டியா?” என்றார். மேற்கொண்டு விளக்கவே தேவைப்படவில்லை. வெயில் நாளிலும் மழைநாள் ஈரத்துக்குப் போடும் கழிவையே கொழுந்தின் எடையில் கழிக்கிற கணக்கப்பிள்ளையோடு, தராசடியில் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவர் அவர்.

“தெரியாமத்தாம்மா.”

“கழிச்சது தெரியாம. மேடையில பேசுனது?”

நான் பொன்னாடையை மடிக்க ஆரம்பித்தேன்.

“காலையில பெரட்டுக்கு எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க வருவாங்க. நீயே வந்து சொல்லு.”

நான் போகவில்லை. அம்மா பெரட்டுக்குக் கிளம்பியதும் பண்டாரவளை பஸ்ஸைப் பிடித்துக் கெம்பஸுக்கே ஓடிவிட்டேன். இவ்வளவு படித்த கோழை அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

மத்தியானம் அம்மா கோல் எடுத்தார்.

“எம்புள்ள கழிவு தப்பாப் போட்டுருச்சு, கண்டுபிடிச்சது சரியில்லன்னு பெரட்டுல நானே சொல்லிட்டேன். யாரும் ஒன்னும் சொல்லல. நீ ஒங்க சேர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேம்மா” என்றேன்.

சேரின் அறைக் கதவை நான் தட்டியது அதற்கு மூன்று நாளுக்குப் பிறகுதான்.