ஜெசிந்தா சிவப்பைக் கூட்டவில்லை

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தமிழ் நாளிதழின் படப்பிரிவில் நெடுங்காலம் இருந்த ஜெசிந்தா, கடந்த செவ்வாய்க்கிழமை காலை காலமானார். இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் அவருடைய தங்கை ரோசலின். தொலைபேசியில் அவர் அழவில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாகவும், அடக்கம் மறுநாள் என்றும் சொன்னார். பிறகு, "அந்த மன்னிப்பு இன்னும் பேப்பர் வெப்சைட்ல இருக்கா, அண்ணே?" என்று கேட்டார். பேசிக்கொண்டே தேடிப் பார்த்தேன். இருந்தது.

ஜெசிந்தாவை அறிந்த பலருக்கு அந்த மன்னிப்பைப் பற்றித் தெரியும். அதற்கு முன் நடந்தது தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் ஏந்திப் போன பெண்களின் மஞ்சள் சேலைகள் அச்சில் பளிச்சென்று வந்திருந்தன. எங்கள் இணையதளத்திலோ அதே சேலைகள் காய்ந்த புல்லைப் போல் வெளிறிக் கிடந்தன. ஒரு வாசகி அலுவலகத்துக்கு அழைத்து, விரதமிருந்து எடுத்த பால்குடத்துக்கு இதுதான் மரியாதையா என்று திட்டினார். ஜெசிந்தா முழுவதையும் கேட்டார். "அக்கா, உங்க சேலை நல்ல மஞ்சளாதான் இருந்துச்சு, நான்தான படம் எடுத்தேன். எங்க கம்ப்யூட்டர்தான் விரதம் இருந்து வெளுத்துப்போச்சு" என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று மாலையே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். படத்தைத் திருத்தப் பயன்படும் மென்பொருள் ஒன்று. அதை இணையதளத்துக்கு ஏற்றபடி சிறிதாக்கும் மென்பொருள் வேறொன்று. படக்கோப்புக்குள் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண்ணை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு ஒன்றும் கூடவே இருக்கும். ஜெசிந்தா அதை லேபல் என்பார். முதல் மென்பொருள் லேபலோடு அனுப்புகிறது. இரண்டாவது அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் வழக்கப்படி படிக்கிறது. எண் ஒன்றுகூட மாறாமல் நிறம் மட்டும் செத்துப்போகிறது. "லேபல் கிழிஞ்ச மருந்து பாட்டில் மாதிரி அண்ணே. உள்ள அதே மருந்துதான். ஆனா ஊத்திக் குடிப்பீங்களா?" என்று எனக்கு விளக்கினார். அதன்பின், ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது லேபலை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும்படி இரண்டாவது மென்பொருளை மாற்றி வைத்தார். இணையப் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி பெரும் தொல்லையாக இருந்தது.

பாயான் பாருவில் இருந்தெல்லாம் கல்யாணப் படக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். கூறைப்புடவையின் அரக்கு நிறம் ஆல்பத்தில் வேறாக வந்துவிட்டதாகப் புலம்புவார்கள். ஜெசிந்தா படத்தைப் பார்க்கவே மாட்டார். எந்த மென்பொருளில் இருந்து எதற்குப் போனது, நடுவில் அது என்ன கேட்டது, நீங்கள் எதை அமுக்கினீர்கள் என்று விசாரிப்பார். எதையும் அமுக்கவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்தபோது, "எல்லாக் குத்தவாளியும் மொதல்ல அதான் சொல்வான், தம்பி" என்றார். எங்களுக்கு அப்போது அது நகைச்சுவையாக இருந்தது.

ஜுருவுக்கு நான் செய்தி எழுதவும் அவர் படம் எடுக்கவும் சேர்ந்துதான் போனோம். அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடிய வடிகாலில் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று குடியிருப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனபோதும் சிவப்பாகத்தான் ஓடியது. "ரோஸ் சிராப் தண்ணி மாதிரியே இருக்கு அண்ணே. ஐஸ் போட்டா நோன்புச் சந்தையில வித்துடலாம் லா. படத்துல கலரக் கொஞ்சம் கொறச்சிப் போட்டாத்தான் நம்புவாங்க போல" என்றார். குறைக்கவில்லை. கண்ணால் பார்த்த நிறத்தைப் பார்த்தபடி அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் நாளிதழில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. இணையதளத்தில் அதே படத்தில் மங்கலான பழுப்பாக இருந்தது. தொழிற்சாலை நிர்வாகம் இரண்டையும் அருகருகே வைத்து, சிவப்பை அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் மூலம் எழுதியது.

ஜெசிந்தா நேராக இணையப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த கணினியில் "இனிமேல் கேட்காதே" என்ற கட்டத்தில் யாரோ குறியிட்டிருந்தார்கள். வேலை குவிந்த ஒரு மாலையில், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க யாரோ செய்த வேலை. அதன்பின் அந்த மென்பொருள் யாரையும் கேட்காமல் எல்லா லேபலையும் கழற்றி எறிந்துகொண்டிருந்தது.

அவர் ஆசிரியரையும் நிர்வாகியையும் அழைத்து உட்காரவைத்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். கேமராவில் இருந்த மூலக்கோப்பை எடுத்து, லேபலோடு ஒரு முறையும் லேபல் இல்லாமல் ஒரு முறையும் திறந்து காட்டினார். அச்சில் வந்த சிவப்பும் இணையத்தில் வந்த பழுப்பும் அப்படியே வந்தன. மாறிப்போனது பழுப்புப் படம்தான், சிவப்புப் படம் அல்ல என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

"புரியுது ஜெசிந்தா. ஆனா இத வாசகருக்கு எப்படிச் சொல்றது? லேபல், சாஃப்ட்வேர்னு ஆரம்பிச்சா சாக்கு சொல்றோம்னு நெனைப்பாங்க."

"நெஜம் சொல்றதுக்குக் கஷ்டமா இருக்குன்னு பொய் சொல்லப் போறீங்களா, சார்?"

டென்ஷன் ஆக வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார். தண்ணீரை நானும் பார்த்தேன், சிவப்புதான் என்று நான் சொன்னதற்கு, உங்கள் செய்தியைப் பற்றிப் புகாரே வரவில்லையே என்றார் நிர்வாகி. அது சரிதான். வெளிவந்த மன்னிப்பில் என் செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜுரு வடிகால் படத்தில் நீரின் சிவப்பு எங்கள் படப்பிரிவில் மிகையாகக் கூட்டப்பட்டதற்கு வருந்துகிறோம் என்று மட்டும் இருந்தது. படப்பிரிவில் அப்போது இருந்தது ஜெசிந்தா ஒருவர்தான். அது ஊருக்கே தெரியும்.

நிகழ்ச்சிகளில் மற்றப் பத்திரிகைப் படக்காரர்கள், "அக்கா, நம்ம அமைச்சருக்கும் கொஞ்சம் சிவப்பு போடுங்க" என்று கேலி செய்தார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு நிகழ்ச்சிகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வேறோர் இதழில் வேலை கேட்டுப் போனபோது, நேர்காணல் செய்தவர் தன் மேசையில் அந்த மன்னிப்பை அச்செடுத்து வைத்திருந்தாராம். ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் போய் அதை நீக்கும்படி கேட்டார். எல்லாரும் பார்க்கிறோம் என்றார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

நிர்வாகம் அவரை மரண அறிவித்தல் பக்கத்துக்கு மாற்றியது. இதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. குடும்பத்தார் கைப்பேசியில் அனுப்பும் மங்கிய படங்களைச் சரிசெய்வது வேலை. இறந்தவர் நல்ல கறுப்பா, மாநிறமா என்று வீட்டுக்கே அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். தந்தையின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்ன மகனிடம், "அறுபது வருசம் கறுப்பா இருந்த மனுசன நான் எதுக்குத் தம்பி வெளுக்கணும்? சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்று கேட்டார். பொய்யாக நிறம் கூட்டியவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

புதன்கிழமை அதே பக்கத்தில் அவருடைய படம் வந்தது. அச்சில் முகம் சரியாக இருந்தது. இணையதளத்தில் சாம்பல் பூத்திருந்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது ரோசலின் அதைக் கைப்பேசியில் காட்டி, "அக்கா இப்படி இருந்ததே இல்ல" என்றார். "இனிமேல் கேட்காதே" என்ற அந்தக் கட்டத்தில் இன்னும் குறி இருக்கிறது என்று கல்லறைத் தோட்ட வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஜுரு படத்தின் மூலக்கோப்பு. "நீங்கதான் பாத்தீங்க. சாட்சிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன். செய்தி வந்தபின் சுற்றுச்சூழல் அதிகாரிகள் அந்த வடிகாலில் எடுத்த நீர் மாதிரியின் முடிவு என்ன என்று அவர்களிடம் பல முறை கேட்டிருக்கிறேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

மன்னிப்பை நீக்கி, நடந்ததை வெளியிடும்படி இப்போதைய ஆசிரியருக்கு வியாழக்கிழமை எழுதினேன். மூலக்கோப்பின் நகலையும் அனுப்பினேன். அவர் மரியாதையாகப் பேசினார். தன்னால் தனியாக முடிவெடுக்க முடியாது, அடுத்த மாத இறுதியில் கூடும் நிர்வாகக் குழுவில் வைக்கிறேன் என்றார். ஜெசிந்தாவின் முப்பதாம் நாள் பூசை அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றேன். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதியை என்று நான் கேட்கவில்லை.