சீர்த்தட்டு யார் கைக்கு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குப் பொறாமை. அடுத்தவர் நகை மேல் பொறாமைப்படலாம், மாடி வீட்டின் மேல் பொறாமைப்படலாம், இரண்டு அறை ஓட்டுக் கட்டடத்தின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று என் கணவர் கேட்பார். நான் பட்டேன். இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறி, முந்திரிக்காட்டு நடுவில் இறங்கினால் எங்கள் ஊர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். ஒரு பெரிய டீச்சர், ஒரு சார், ஒரு புங்கமரம், அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் சேர்த்து ஒரு பஸ்ஸில் அடங்கிவிடும் அளவுக்குப் பிள்ளைகள். ஓட்டுப் போடுவது அங்கே, சொட்டு மருந்து அங்கே, கண்ணு பார்க்கிற கேம்ப் அங்கே. பெருமழையில் கூரை வீட்டுக்காரர்கள் போய்ப் படுப்பதும் அங்கேதான். ஊரில் யாருக்கு ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடுவார்கள். நான் மட்டும் ஓடமாட்டேன். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவளுக்கு என்ன தலையெழுத்து?

என் மகளை நான் அங்கே சேர்க்கவில்லை. அவளை டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். என் கணவருக்கு அரியலூர் பக்கத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டு பேரும் மாடாய் உழைத்துவிட்டுப் பிள்ளையை ஊருக்குள்ளேயே இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவா என்று நினைத்தேன். காலையில் மஞ்சள் வேன் வந்து வாசலில் ஹாரன் அடிக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயசு, இரண்டு பேரும் இரண்டாவது படித்தார்கள். அவன் ஊர்ப் பள்ளிக்கூடம், இவள் வேன்.

அவன் காலையில் எட்டு மணிக்குக் கூட எழுந்திருக்க மாட்டான். எழுந்ததும் பல் விளக்கிக்கொண்டு ஓடினால் அங்கேயே சுடச்சுடப் பொங்கலும் கிச்சடியும் போடுவார்கள். என் மகள் விடியக்காலையில் அரைத்தூக்கத்தில் இரண்டு இட்லியை மென்றுகொண்டே வேன் ஏறுவாள். சாயங்காலம் திரும்பும்போது கழுத்து தொங்கித் தூங்கிக்கொண்டு வருவாள். அவனோ புழுதியும் சட்டையுமாகக் கத்திக்கொண்டு வருவான். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக அவனைப் பார்த்து, ‘ஆமா, பெரிய கலெக்டரு வர்றாரு’ என்று முணுமுணுப்பேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் வயிறு நிஜமாக எரிய ஆரம்பித்தது, அவன் படிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தபோதுதான்.

பெரிய டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் ஒரு ‘கேக்குற ஆள்’ இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். சாயங்காலம் பிள்ளை கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து சத்தமாகப் படிக்கும். அந்த ஆள் தன் வேலையைச் செய்துகொண்டே கேட்க வேண்டும், நடுவில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட ஒரு பிள்ளைக்கு டீக்கடைக்காரர் கேட்கிற ஆள். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டே, ‘அப்பறம் அந்த நரி என்னாச்சு?’ என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா, அவர் மகனுக்குக் கேட்கிற ஆள். முந்திரி சீசனில் காட்டிலிருந்து கூடை கூடையாகப் பழம் வந்து கொல்லையில் கிடக்கும். அக்கா பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டே, ‘ம், சொல்லு’ என்பார். அக்காவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஆனால் கேள்வி கேட்பதைப் பார்க்க வேண்டுமே! ஆடு ஒன்று பஸ்ஸில் ஏறுகிற கதைக்கு, ‘ஏன்டா, அந்த ஆட்டுக்கு டிக்கெட் எதுக்கு? கண்டக்டரு என்ன கூறு கெட்டவனா?’ என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

என் மகள் எப்போது அந்தச் சுவர் ஏறிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. முதலில் சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் காலைத் தொங்கப் போட்டாள். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், இவள் அங்கே அக்காவின் முட்டியில் சாய்ந்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். தமிழ் அவள் பள்ளிக்கூடத்தில் ஒப்புக்குத்தான். அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

‘ஏய், இங்க வா. ஹோம்வொர்க் யாரு எழுதுவா?’ என்று கத்தினேன்.

‘முடிச்சிட்டு வரேம்மா’ என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிப் போனது. வேனிலிருந்து இறங்குவாள், பையை என் காலடியில் வீசுவாள், சுவர் ஏறுவாள். வேனில் யார் வாந்தி எடுத்தார்கள், எந்த மிஸ் யாரை அடித்தார், எந்தப் பல் ஆடுகிறது, எல்லாக் கதையும் அந்தப் பக்கம்தான். என்னிடம் வந்தால் வாயில் கொழுக்கட்டை. ‘ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு?’ என்றால், ‘ஒண்ணும் இல்ல’ என்பாள். நான் டைரியை எடுத்துப் பார்ப்பேன். அதில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கும், கையெழுத்துப் போடுவேன். பிள்ளை என் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தை எல்லாம் அக்கா மேல் ஆத்திரமாகத் திருப்பிக்கொண்டேன்.

‘என்னக்கா, எம் பொண்ண வளைச்சுப் போட்டுட்டீங்க?’ என்று ஒருநாள் சிரிப்பது போலக் கேட்டேன்.

‘அட போடி இவளே. அதுபாட்டுக்கு வருது, அதுபாட்டுக்குப் போவுது. நான் என்னா வெத்தல பாக்கு வச்சா அழைச்சேன்?’ என்றார். அவர் மனசில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. சண்டைக்கு வந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டுபோவதாக ஊரில் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோகிற மாதிரி, ஆண்டு விழா அன்றைக்கு ஊரே தட்டெடுத்து மேளத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போகும். நாற்காலி, ஃபேன், குடம், நோட்டு, வெற்றிலை பாக்கு, பழம் என்று அவரவர் சக்திக்கு. வீட்டுக்கு ஒரு தட்டு. வழக்கமாகப் பிள்ளை அங்கே படிக்கிற வீடுகள்தான் தரும்; மற்றவர்கள் தரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அக்கா தட்டெடுத்து முன்னால் போக, நான் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவா? டவுனுக்குப் போய் இருப்பதிலேயே பெரிய சுவர்க் கடிகாரமாக ஒன்று வாங்கினேன். பெண்டுலம் ஆடும், மணிக்கு ஒரு பாட்டுப் பாடும். அதற்கென்று என் கல்யாணத்துப் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். அக்கா என்ன வைக்கிறார் என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஒரு கோரைப்பாய். சுருட்டி, மேலே நாலு வாழைப்பழம். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மேளம் புறப்பட்டது. வெயில் தாழ்ந்த நேரம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் முன்னால் நின்றேன். பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சரும் சாரும் சம்பந்தி வீட்டார் மாதிரி நின்று ஆரத்தி எடுத்து, சந்தனம் கொடுத்து அழைத்தார்கள். தட்டுகளை மேடையில் வரிசையாக வைத்தோம். என் கடிகாரத்தை டீச்சர் தூக்கிப் பார்த்தார். ‘ரொம்ப நல்லாருக்குங்க. ஆபீஸ் ரூமுல ஏற்கெனவே ஒண்ணு ஓடுது, பரவால்ல, இத வகுப்புல மாட்டிக்கறோம்’ என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அக்காவின் பாயை விரித்த உடனே ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அதில் உருண்டார்கள். டீச்சரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தார். ‘அக்கா, மத்தியானம் இந்தக் குட்டிங்க சிமெண்டுத் தரையில படுக்குதுங்கன்னு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். அக்கா சிரித்தார். எனக்குக் காதில் புகை வராத குறை.

பாட்டு, டான்ஸ் எல்லாம் முடிந்தது. சீர் கொண்டுவந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது இல்லையா? பள்ளிக்கூடத் தோட்டத்தில் பிள்ளைகளே போட்ட முளைக்கீரையை ஒவ்வொரு தட்டிலும் ஒரு கட்டு வைத்திருந்தார்கள். டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

‘பிள்ளைங்களா, அவங்கவங்க வூட்டுத் தட்ட எடுத்துக்குங்க. தினம் சாயங்காலம் நீங்க படிக்கறத உக்காந்து கேக்குறாங்கல்ல, அவங்க கையில கொண்டுபோய்க் குடுங்க. அம்மாவா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி.’

பிள்ளைகள் சிதறி ஓடின. திருப்பூர்க்காரர்களின் பிள்ளை டீக்கடைக்காரரிடம் தட்டை நீட்ட, அந்த ஆள் வேட்டியை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்காவின் மகன் அவர் மடியில் தட்டை வைத்துவிட்டு ஓடினான். கடைசியில் மேடையில் ஒரே ஒரு தட்டு மிஞ்சியது. பளபளவென்று என் தாம்பாளம்.

டீச்சர் தடுமாறிப் போனார். பிள்ளை படிக்காத வீட்டிலிருந்து தட்டு வருமென்று அவர் யோசிக்கவில்லை; கடிகாரத்தை எடுத்துவிட்ட பிறகு வெறும் தாம்பாளம் யாருடையது என்றும் அவருக்குத் தெரியவில்லை. ‘இது யார் வூட்டுத் தட்டு? எந்தப் பிள்ளை எடுக்கணும்?’ என்று மைக்கிலேயே கேட்டார். எனக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

‘எங்க வூட்டுது டீச்சர்!’ என்று ஒரு குரல். என் மகள்தான். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாருங்கடி, என் பிள்ளையை! அந்தத் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். நான் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

போய் அக்கா முன்னால் நின்றாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. ‘ஏய் குட்டி, அங்க பாரு, உங்கம்மா கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. அவகிட்ட குடுடா தங்கம்’ என்றார்.

‘அம்மா கேக்க மாட்டாங்க பெரியம்மா. டைரிதான் பாப்பாங்க’ என்றாள். குறை சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீட்டின கையால் நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அன்றைக்கு இரவு அக்கா தாம்பாளத்தைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தார். கீரை அதிலேயே இருந்தது. ‘பச்சப்புள்ள, தெரியாம பண்ணிடுச்சு. மனசுல வச்சுக்காத’ என்றார். நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கீரையைச் சுவர் மேலேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் அக்கா அதைக் கூட்டு வைத்துக் கிண்ணத்தில் அனுப்பினார். என் மகள் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். ‘இந்த வயசுல புள்ள எங்க சந்தோசமா இருக்கோ அங்க இருக்கட்டுமே’ என்று என் கணவர் சொன்னதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஜூன் மாதம் வேனை நிறுத்தினேன். அவளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தோம். சேர்க்கிற அன்றைக்கு டீச்சர் கேட்டார், ‘இவளுக்குக் கேக்குற ஆள் யாருங்க?’ என் மகள் வாயைத் திறப்பதற்குள், ‘நான்தாங்க’ என்றேன். மெஷின் சத்தத்தில் எப்படிக் கேட்பாய் என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்று சாயங்காலம் மெஷினுக்கு உறை போட்டு மூடினேன். கொல்லையில் பாய் விரித்தேன். ‘பெரியம்மாகிட்டயும் படிக்கலாம். மொதல்ல எங்கிட்ட’ என்று கறாராகச் சொன்னேன். அவள் அந்த ஆட்டுக் கதையை எடுத்தாள். ஆடு பஸ் ஏறியது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டது. அவள் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

‘என்னடி?’

‘இந்த எடத்துல பெரியம்மா சிரிப்பாங்க’ என்றாள்.

நான் சிரித்தேன்.

‘அப்படி இல்லம்மா. அவங்க நெசமா சிரிப்பாங்க.’

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா எதையோ கழுவுகிற சத்தம் நின்றது. அவருக்கும் கேட்டிருக்கும். ‘சரி, ஆடு பஸ் ஏறுன எடத்துலேர்ந்து மறுபடி படி’ என்றேன்.