மீதியை மேடையில் காண்க

பழைய நாடக நோட்டீஸ் சேர்ப்பது என் கிறுக்கு. கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ, எந்த ஊரில் நாடகம் போட்டிருந்தாலும் அங்கே யார் வீட்டுப் பரணிலாவது ஒரு நோட்டீஸ் கிடக்கும். ரோஸ் தாள், நடிகர் பெயர்கள், கீழே கதைச் சுருக்கம். கதை சூடுபிடிக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்தி, "மீதியை மேடையில் காண்க" என்று போட்டுவிடுவார்கள். ஆளை இழுக்கிற வித்தை. எனக்கு அதுதான் உயிர். என் மனைவிக்கு இந்தக் குப்பையைக் கண்டாலே ஆகாது.

போன மாதம் மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு பெண் கேள்விப்பட்டுத் தேடி வந்தாள். அவளுடைய அம்மா ஒரு காலத்தில் திருவிழா நாடகங்களில் நடித்தவர். இப்போது எல்லாம் மறந்துவிட்டது, பெற்ற மகள் உட்பட. ஒரே ஒரு வசனம்தான் மிச்சம்.

"யாரு வந்தாலும் கேக்கா சாரே. 'வாசலில் நிற்பது யார்? என் மகனா, அவனைக் கொன்றவனா?' என்ன பதில் சொன்னாலும் 'வசனம் தப்பு'ன்னு மூஞ்சியத் திருப்பிடுவா. பெறவு கஞ்சி இறங்காது. மெலிஞ்சு எலும்பாயிட்டா. அடுத்த வசனம் மட்டும் தெரிஞ்சா போரும்."

அந்த வசனம் வருகிற நாடகத்தின் நோட்டீஸ் என்னிடம் இருந்தது. எடுக்கும்போது கர்வமாகக்கூட இருந்தது. அம்மாவின் பெயரை விரலால் தடவிவிட்டு, அவள் வேகமாகக் கீழே வாசித்துப் போனாள். கடைசி வரி: "கதவைத் தட்டியவன் மகனா? மகனைக் கொன்றவனா? மீதியை மேடையில் காண்க."

"இம்புட்டு அடுக்கி வச்சிருக்கியளே சாரே, ஒரு கதைக்காவது முடிவு தெரியுமா?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது, அவள் மேல் அல்ல. நாடகத்தை எழுதியவரும் அந்த அம்மாவோடு நடித்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரைப் போய்க் கேட்பது?

மனசு கேட்காமல் அவளோடு கிளம்பினேன். கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, கணீரென்று அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"திரை விழுந்தாச்சு அம்மா. நாடகம் முடிஞ்சு போச்சு."

"ஆளெல்லாம் போயாச்சா?"

"போயாச்சு."

அவர் தோள் தளர்ந்தது. மகள் அவசர அவசரமாகக் கஞ்சியை ஊட்டினாள். இரண்டு வாய் குடித்தார். பிறகு அவளை உற்றுப் பார்த்தார்.

"அப்போ நீ யாரு?"

"நாந்தான் அம்மா, ஒனக்க மவ."

"வசனம் தப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.