பதினொரு விநாடி கூடுதல்

இது நடந்தது. கேட்டுவிட்டுக் கதை விடாதே என்று சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நள்ளிரவிலும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் ஒன்றரை மணி. தனக்கு இருட்டு வேண்டும் என்று எந்தப் பேய் வந்து சொன்னது?

நடந்தது பல்செட் செய்கிற ஒரு பெண்ணுக்கு. வீட்டிலேயே ஓர் அறையில் வைத்து மூன்று பல் மருத்துவர்களுக்குச் செய்து கொடுக்கிறாள். நாள் முழுக்க மேசை நிறைய வாய்கள் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம். அதனாலேயே அவளுடைய அண்ணன் அவளை 'முயலு' என்று கூப்பிடுவான்.

அந்த அண்ணன் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவன். எந்த இடத்துக்குப் போனாலும் வேலை முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வான். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதைத்தான் போட வேண்டுமாம். தொழில் வழக்கம். தொடக்கத்தில் அறையின் பெயரைச் சொல்வான். முடிவில் மணியைச் சொல்லி, "நிறுத்துறேன்" என்பான். சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அப்படி அறுபது கோப்புகள். ஊரார் குரலையெல்லாம் பிடித்து வைத்தவன், தன் குரலை வேறெங்கும் விட்டு வைக்கவில்லை. அந்த அறுபதும் இருந்தது அவன் வீட்டுக் கணினியில். அண்ணி வீடு மாறியபோது இவள் அதைக் கேட்டாள். அண்ணி பிடி கொடுக்கவில்லை. அது பழசு, ஓடாது, எதுக்கு வீணா என்றாள். இவளா விடுவாள்? தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பொத்தானை அழுத்தியதும் ஓடியது. கொடுக்க மனசில்லாமல் அண்ணி பொய் சொல்லியிருக்கிறாள் என்று இவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் பெட்டி கடகடவென்று முனகியது. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருக்கும் பெட்டி. போனால் அண்ணனின் குரலும் அதோடு போய்விடும். சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள்.

ஞாயிறு 1:28. கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். மெழுகு வெட்டும் கத்தியால் டிஸ்கின் உறையைக் கிழித்தாள். செருகினாள். திறந்து பார்த்தாள். காலி. புதுசு காலியாகத்தானே இருக்கும். அறுபது கோப்புகளையும் தேர்ந்து, நகலெடுக்கக் கொடுத்துவிட்டு, மருத்துவர் அவசரமாகக் கேட்டிருந்த ஒரு கீழ்த்தாடையைக் கையில் எடுத்தாள்.

1:31. டிங்.

திரையில் ஒரு கேள்வி. 'இந்தப் பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துவிட்டு இதை வைக்கவா?'

காலி டிஸ்கில் எங்கிருந்து வந்தது கோப்பு? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே பெயர், 'சமையலறை'. அண்ணனுடையது ஒரு நிமிடம். டிஸ்கில் இருந்தது ஒரு நிமிடம் பதினொரு விநாடி. தேதி, அன்றைய தேதி. நேரம், 1:30.

கணினி உளறுகிறது என்று நினைத்தாள். 'ஆம்' என்று அழுத்தினாள்.

டிங். 'மாடி அறை'. பதினொரு விநாடி கூடுதல். ஆம்.

டிங். 'பள்ளிக்கூட வராந்தா'. பதினொரு விநாடி கூடுதல்.

இந்த முறை அவள் அழுத்தவில்லை. கீழ்த்தாடையை ஓரமாக வைத்தாள். அந்தப் பதினொரு விநாடியில் அப்படி என்னதான் இருக்கிறது? டிஸ்கில் இருந்ததைத் திறந்து, ஒலியைக் கூட்டினாள்.

"பள்ளிக்கூட வராந்தா." அண்ணனின் குரல். பதினான்கு மாதம் கழித்து. அவள் அழுதுவிட்டாள். பிறகு அமைதி. தூரத்தில் ஒரு காகம். பிறகு, "மணி நாலு இருபது. நிறுத்துறேன்."

நிற்கவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில். பிறகு ஒரு குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. அண்ணன் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

"நிறுத்தாதே..."

கைமயிர் குத்திட்டு நின்றது என்று அவளே சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் வாசலுக்கு ஓடியிருப்பார்கள். இவளுக்கு வந்தது கோபம். அண்ணனின் பதிவில் இன்னொருத்தர் மூச்சு விடுவதா?

"எங்க அண்ணன் நிறுத்துறேன்னா நிறுத்தினதுதான். நடுவுல நீ யாரு?"

சத்தமாகவே கேட்டாள். 'ஆம்' என்று அழுத்தி அதை அழித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே அடியாகச் சம்மதம் கொடுக்க ஒரு வழி இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஒவ்வொன்றாக, தன் கையாலேயே அழிக்க வேண்டும்.

டிங். ஆம்.

டிங். ஆம்.

1:50. இருபது முடிந்தது. அப்போதுதான் கவனித்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றும் வந்தது. ஆனால் சத்தம் இல்லை.

தெருவிலும் சத்தம் இல்லை. சன்னல் வழியே பார்த்தாள். ஒரு வண்டி போனது. ஊமையாக.

அவளுக்கு அந்த அமைதி தெரியும். அண்ணனின் பதிவில் சற்று முன் கேட்ட அமைதி அது.

"பயந்தா நான் விட்டுடுவேன்னு பார்க்குறியா?" அவள் உதடு அசைந்தது. தன் குரல் தன் காதுக்கே வரவில்லை.

டிங்.

அது மட்டும் கேட்டது.

ஆம்.

2:06. ஐம்பத்தொன்பது... அறுபது. முடிந்தது. விரல் மரத்துப்போயிருந்தது. ஜெயித்தாயிற்று என்று பெருமூச்சு விட்டாள். டிஸ்கைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள்.

அறுபத்தொன்று.

கடைசியில் ஒரு பெயர். 'முயலு அறை'.

அண்ணன் இந்த அறையைப் பதிவு செய்ததே இல்லை. 2:07. திறந்தாள்.

"முயலு அறை." 'நிறுத்தாதே' என்ற அந்தக் குரல்தான். அண்ணனைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"நடுவுல நீ யாரு?" அவளுடைய குரல். நாற்காலி இழுபடும் சத்தம். "நடுவுல நீ யாரு?" அவளுடைய குரல். பிறகு டிங், டிங், டிங்... வேகமாக... இன்னும் வேகமாக...

பிறகு அமைதி.

அவள் கையை மேசையில் வைத்தாள். தட் என்ற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதே நொடியில்.

கோப்பின் நீளத்தைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டிருந்தது. இது பழைய பதிவு இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது... இந்த அறையில்.

2:09. பெட்டியை அணைத்தாள். அணையவில்லை.

மூச்சு. ஸ்பீக்கரில் இல்லை. காதோரம்.

"நிறுத்தாதே..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனை நினைத்தாள். அவன் எப்படி முடிப்பான்? நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ரெண்டு பத்து. நிறுத்துறேன்."

டிஸ்கின் வயரைப் பிடுங்கினாள்.

மின்விசிறியின் சத்தம் திரும்பி வந்தது. தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். திரை கறுத்துப்போயிருந்தது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கீழ்த்தாடையை முடித்து வைத்தாள். ஒரு பல் கோணலாகிவிட்டது என்பது மட்டும்தான் நஷ்டம்.

இவ்வளவுதான் என்றால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அண்ணிக்குப் போன் செய்தாள். பெட்டி ஓடாது என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அது எப்படி ஓடும்? உள்ள இருந்த டிஸ்கை நான் அப்பவே கழட்டிட்டேன். என் பீரோவுலதான் இருக்கு."

இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. விரல் தடிமனுக்குத் தூசி.

எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேட்டாள். அண்ணி முதன்முறையாக முழு விவரத்தையும் சொன்னாள். அண்ணன் இறந்தது ஒரு காலி அரங்கில், நெஞ்சுவலி வந்து, காதில் ஹெட்போனோடு. அறையின் அமைதியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது. மறுநாள் காலை காவல்காரர் பார்க்கும்வரை கருவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பதிவை அந்தக் கணினியில் ஏற்றி அண்ணி மட்டும் முழுதும் கேட்டிருக்கிறாள்.

"அதுல அவர் நிறுத்துறேன்னு சொல்லவே இல்ல. அவர் மூச்சு நின்னது கேட்குது. அதுக்கப்புறமும் ஒரு மூச்சு கேட்டுக்கிட்டே இருக்கு. உன் காதுல அது விழ வேண்டாம்னுதான் கழட்டினேன்."

அன்றிரவு கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவருடைய கணினியில் அந்தப் புது டிஸ்கைப் போட்டாள். அறுபது கோப்புகளும் இருந்தன. ஒவ்வொன்றும் சரியாக ஒரு நிமிடம். அண்ணன் நிறுத்துறேன் என்றதும் நின்றது. மூச்சு இல்லை, எதுவும் இல்லை.

அறுபத்தொன்றாவதும் இருந்தது. அவர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். அவள் தட்டிவிட்டுத் திறந்தாள். நாற்காலிச் சத்தம், டிங் சத்தம், அவள் மேசையில் தட்டியது, காதோர மூச்சு, எல்லாம் இருந்தது. கடைசியில் அவள் சொன்ன அதே சொற்கள்.

"மணி ரெண்டு பத்து. நிறுத்துறேன்."

குரல் அவளுடையது இல்லை. அண்ணனுடையது.

அழித்துவிடச் சொல்லி எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். நானும் சொன்னேன். அவள் மறுநாளே கடைக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்து, அறுபத்தொன்றையும் அதில் இன்னொரு நகல் எடுத்துவிட்டாள்.